டிபி ஏன் உடைகிறது: புரொஃபைல் படத்தைத் தெளிவாக ஏற்றுவதற்கான முழுமையான வழிகாட்டி

வடசென்னையின் தண்டையார்பேட்டையில், டி.எச். ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஜெராக்ஸ், டி.டி.பி., இணையவழி விண்ணப்பம் ஆகிய மூன்றையும் ஒரே மேசையில் பார்க்கும் சிறு கடை என்னுடையது. கடைக்கு வருபவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு: "போன்ல பார்த்தா கிளியரா இருக்குண்ணா, ஏத்துனா மட்டும் உடையுது." காசிமேட்டிலிருந்து வந்த ஓர் இளைஞர் சென்ற மாதம் இதையே சற்றுக் கோபத்துடன் கேட்டார். நான்கு எம்.பி. படத்தைக் கொடுத்தும் தன் முகம் பிசைந்த களிமண்ணைப் போல வந்திருக்கிறது என்பது அவர் வாதம். படம் அவ்வளவு பெரிதாக இருந்ததுதான் காரணம் என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. அவருக்குச் செய்து காட்டியதையே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அளவைக் குறைப்பது வேறு, அமுக்குவது வேறு. நாம் இரண்டையும் "கேபி குறைக்கிறது" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். பாதிக் குழப்பம் அந்தப் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. ஒரு படத்தில் எத்தனை பிக்சல்கள், அதாவது நிறப் புள்ளிகள், இருக்கின்றன என்பது அளவு. அந்தப் பிக்சல்களை எழுதி வைக்க எத்தனை கேபி செலவாகிறது என்பது அமுக்கத்தைப் பொறுத்தது. புரொஃபைல் படத்துக்கு முதலில் பிக்சலைக் குறைக்க வேண்டும். கேபியை அதற்குப் பிறகு, அதுவும் ஒரே ஒரு முறை, குறைக்க வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்குவதாலும், வேலை முழுவதையும் எங்கோ இருக்கும் ஒரு சர்வரின் பொறுப்பில் விட்டுவிடுவதாலும்தான் பெரும்பாலான முகங்கள் உடைகின்றன.

ஐம்பது கேபிக்குள் நடப்பது என்ன

ஐ.பி.பி.எஸ். வங்கித் தேர்வு விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வோம். அதில் புகைப்படத்துக்கு 200 × 230 பிக்சல் என்றும், 20 முதல் 50 கேபி வரை என்றும் குறிப்பிட்டிருப்பார்கள். நம்மவர்கள் கேபியை மட்டும் படித்துவிட்டுப் பிக்சலைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். 12 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படம் 4000 × 3000, அதாவது 1 கோடியே 20 லட்சம் பிக்சல்கள் கொண்டது. 50 கேபி என்பது, கணினித் தகவலின் மிகச் சிறிய அலகான பிட்டில் சொன்னால், 4,09,600 பிட். இதை அத்தனை பிக்சல்களுக்கும் பங்கிட்டால், ஏறக்குறைய முப்பது பிக்சல்களுக்குச் சேர்த்து ஒரே ஒரு பிட்தான் கிடைக்கும். அதே படத்தை முதலில் 200 × 230 ஆகக் குறைத்துவிட்டால் இருப்பவை 46,000 பிக்சல்கள்தான். அதே 50 கேபியில் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஏறக்குறைய ஒன்பது பிட் கிடைக்கிறது. ஜேபெக் (.jpg என்று முடியும் வழக்கமான பட வடிவம்) படம் கண்ணுக்கு நன்றாகத் தெரிய ஒரு பிக்சலுக்கு ஒன்று அல்லது இரண்டு பிட் போதும். ஆகவே 50 கேபி என்பது கஞ்சத்தனமான வரம்பு அல்ல. பிக்சலைக் குறைத்தவருக்கு அது தாராளமான இடம்.

ஜேபெக் முறை இந்தப் பிட்களை எப்படிச் செலவிடுகிறது என்று தெரிந்துகொண்டால், பின்னால் வரும் படிகளின் காரணம் தானாகவே விளங்கும். 1992ஆம் ஆண்டு தரநிலையாக ஏற்கப்பட்ட இந்த முறை, படத்தை எட்டுப் புள்ளி எட்டு வரிசைக் கோலங்களாக, அதாவது 64 பிக்சல் கொண்ட சிறு கட்டங்களாக, வெட்டிக்கொள்கிறது. வாசலில் கோலம் போடுபவர் ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே மனப்பாடம் செய்வதில்லை. எந்த இழை எங்கே வளைகிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார். ஜேபெக்கும் அப்படியே, 64 நிலையான அலை வடிவங்களில் எது எவ்வளவு கலந்தால் இந்தக் கட்டம் கிடைக்கும் என்பதை மட்டும் குறித்துவைக்கிறது. கன்னம், சுவர், வானம் போன்ற இடங்களுக்கு மெதுவாக மாறும் ஓரிரு அலைகளே போதும். தாடி, புருவம், வலை, கட்டம் போட்ட சட்டை ஆகியவற்றுக்கு நுணுக்கமான அலைகள் பல தேவை. கேபி வரம்பு இறுகும்போது முதலில் கைவிடப்படுபவை அந்த நுணுக்கமான அலைகளே. இன்னும் இறுகினால் ஒவ்வொரு கட்டமும் ஏறக்குறைய ஒரே நிறமாகிவிடும். அப்போது கட்டங்களின் விளிம்புகள் தரையில் பதித்த ஓடுகளைப் போலத் தனித்தனியாகத் தெரியத் தொடங்கும். "உடையுது" என்று நாம் சொல்வது இதைத்தான்.

இந்த முறையின் இதயமாக இருக்கும் கணிதத்தை 1974 ஜனவரியில் வெளியிட்டவர்கள் மூவர்: பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, அவருடன் டி. நடராஜன், கே.ஆர். ராவ். இவர்களில் ராவ், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். விண்ணப்பப் படம் எடுக்க வரும் பிள்ளைகளிடம் இதைச் சொல்வதில் எனக்கு ஒரு சிறு பெருமை.

நிறத்தைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. நம் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகவும் நிற வேறுபாட்டைச் சற்று மந்தமாகவும் பார்ப்பதால், ஜேபெக் பெரும்பாலும் நான்கு பிக்சல்களுக்கு ஒரே நிறத் தகவலை மட்டும் வைத்துக்கொள்கிறது. பெரிய படத்தில் இது தெரியாது. 200 பிக்சல் படத்தில், நெற்றியில் வைத்த குங்குமப் பொட்டு ஐந்தாறு பிக்சல் அகலமே இருக்கும்போது, அதன் சிவப்பு சுற்றியுள்ள தோலுக்குள் கசிந்து, நனைந்த விரலால் தொட்டது போல ஆகிவிடும். அரக்குக் கரை போட்ட சேலையின் ஓரத்திலும் இதையே பார்க்கலாம். இதற்கான தீர்வு ஐந்தாம் படியில் வருகிறது.

முதல் படி: மங்கல் எந்த வகை என்று கண்டறிதல்

மூலப் படத்தைக் கைப்பேசியில் திறந்து, கண்ணிமை தெரியும் வரை பெரிதாக்கிப் பாருங்கள். அங்கேயே இமைமயிர் தெரியவில்லை என்றால் குற்றம் அமுக்கத்தில் இல்லை. எல்லாம் ஒரே பக்கமாக இழுபட்டிருந்தால் கை அசைந்திருக்கிறது; பின்னால் இருக்கும் சுவர் கூர்மையாக இருந்து முகம் மட்டும் மங்கியிருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது; தோல் மெழுகு போல வழுவழுவென்று இருந்தால் அழகூட்டும் ஃபில்டர் வேலை செய்திருக்கிறது. விளக்கைச் சுற்றிப் பனி மூட்டம் போலத் தெரிந்தால் லென்ஸில் அழுக்கு. கடலோரத்தில் குடியிருக்கும் நமக்குக் கடைசியாகச் சொன்னது மிகவும் பழக்கமானது. உப்புக் காற்றில் லென்ஸின் மேல் ஒரு பிசுக்கு படிந்துவிடுகிறது. சுத்தமான பருத்தித் துணியால், முதலில் ஊதிவிட்டுப் பிறகு துடைக்க வேண்டும்.

மூலம் கூர்மையாக இருந்து, ஏற்றிய பிறகு மட்டும் மங்குகிறதென்றால் கீழே உள்ள படிகள் பயன்படும். மூலமே மங்கலென்றால் மீண்டும் எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஏ.ஐ. கொண்டு கூர்மையாக்கும் செயலிகள் இல்லாத கண்ணையும் பல்லையும் கற்பனை செய்து வரைகின்றன. வேடிக்கைக்கு அது போதும். அடையாளம் காட்ட வேண்டிய படத்துக்கு அது உதவாது.

இரண்டாம் படி: மூலத்தைக் கைப்பற்றுதல்

இந்தப் படியில்தான் மிக அதிகமாகக் கோட்டை விடுகிறோம். நண்பர் எடுத்த படம் ஒரு செய்திச் செயலி வழியாக நம்மிடம் வருகிறது. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வெட்டி, இன்னொரு செயலி வழியாகக் கடைக்கு அனுப்புகிறோம். ஒருமுறை இப்படி வந்த படத்தை நான் அளந்து பார்த்தேன்: 4000 × 3000 ஆகப் பிறந்தது முதல் கைமாற்றத்திலேயே 1600 × 1200 ஆகியிருந்தது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் அளவோ இடமோ மாறுவதால் அந்த எட்டுக்கு எட்டுக் கட்டங்கள் புதிய இடத்தில் விழுகின்றன. பழைய கட்டத்தின் விளிம்பைப் புதிய கட்டம் உண்மையான விவரம் என்று எண்ணி அதற்கும் பிட்களைச் செலவழிக்கிறது. ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து எப்படித் தேயுமோ, அப்படித்தான்.

எடுத்தவரிடம் மூலக் கோப்பையே கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். அப்போது கோப்பு மாறாமல் வந்து சேரும். மின்னஞ்சல் இணைப்பும் யு.எஸ்.பி. கேபிளும் அதைப் போலவே பாதுகாப்பானவை. ஐபோன் வைத்திருப்பவர்களின் படம் ஹெய்க் என்ற வடிவில் இருக்கலாம். 2017இல் வந்த ஐ.ஓ.எஸ். 11 முதல் இதுவே வழக்கம். பல விண்ணப்பத் தளங்கள் அதை ஏற்பதில்லை. கேமரா அமைப்பில் ஃபார்மேட்ஸ் பகுதிக்குச் சென்று 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் அதற்குப் பிறகு எடுப்பவை ஜேபெக்காக வரும்.

பழைய அச்சுப் படங்களுக்கும் இதே விதிதான். கொருக்குப்பேட்டையிலிருந்து வந்த ஒருவர், மறைந்த தம் தந்தையின் முகத்தை டிபியாக வைக்க விரும்பினார். கையில் இருந்தது, யாரோ கல்யாண ஆல்பத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பிய ஒரு குரூப் போட்டோ. அதில் அப்பாவின் முகம் 48 பிக்சல் அகலமே இருந்தது. "அண்ணே, ஆல்பம் வீட்டுல இருக்கா?" என்று கேட்டேன். மறுநாள் மஞ்சள் பையில் ஆல்பத்தோடு வந்தார். அச்சில் முகம் 12 மில்லிமீட்டர் அகலம். அதை 600 டி.பி.ஐ.யில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற கணக்கில், ஸ்கேன் செய்தபோது முகம் மட்டும் 283 பிக்சல் வந்தது. மீசையின் ஓரத்தில் இருந்த நரை வரை தெரிந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டுச் சிறிது நேரம் பேசவில்லை.

மூன்றாம் படி: புதிதாக எடுப்பதென்றால்

பின்னணி எவ்வளவு எளிமையாக இருக்கிறதோ அவ்வளவு பிட்கள் முகத்துக்கு மிஞ்சும். காசிமேட்டில் குவித்து வைத்த வலைகளுக்கு முன்னால் நின்று எடுத்த படம் பெரிய திரையில் அழகாகவே இருக்கும். ஆனால் வலையின் ஒவ்வொரு கண்ணியும் நுணுக்கமான விவரம் என்பதால், அமுக்கும்போது கோப்பில் பெரும்பங்கை வலை தின்றுவிட, முகத்துக்கு மிச்சம் மீதிதான் கிடைக்கும். படகுதான் வேண்டும் என்றால் படகிலிருந்து நன்றாக விலகி நின்று, போர்ட்ரெய்ட் முறையில் பின்னணியை மங்கலாக்கி எடுங்கள்.

நேரமும் முக்கியம். நம் கடல் கிழக்கில் இருப்பதால், காலையில் படகுகளைப் பின்னணியாக வைத்து நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், முகம் கறுத்துவிடும். கறுத்த முகத்தைக் கைப்பேசி வலிந்து வெளுக்கும்போது புள்ளிபுள்ளியாக இரைச்சல் கிளம்பும். அந்த இரைச்சலையும் ஜேபெக் விவரமாகவே கருதிப் பிட்களைக் கொட்டும். மாலை நாலரை மணிக்குப் பிறகு அதே இடத்துக்குச் செல்லுங்கள். மேற்கு வெளிச்சம் முகத்தில் விழும், படகும் பின்னால் நிற்கும். வீட்டிலென்றால் திறந்த வாசலுக்கு உள்ளே, ஒரு முழம் தள்ளி, தெருவைப் பார்த்து நின்றால் போதும்.

உடையைப் பற்றி ஒரு வார்த்தை: சிறு கட்டம் போட்ட சட்டையும், நெருக்கமான கோடு போட்ட சட்டையும் வேண்டாம். அளவைக் குறைக்கும்போது அந்தக் கட்டங்கள் ஒன்றோடொன்று மோதி, துணியில் இல்லாத அலையலையான வளையங்களை உண்டாக்கும். உலகெங்கும் மெட்ராஸ் என்ற பெயரில் விற்கப்படும் நம் ஊர்க் கட்டத் துணிக்கே இந்தத் தண்டனை என்பது வருத்தம்தான்.

நான்காம் படி: வெட்டுவதும் குறைப்பதும்

படம் போய் அமரப்போகும் இடத்தின் அளவை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். யூடியூப் 800 × 800 என்றும், எக்ஸ் தளம் 400 × 400 என்றும் தங்கள் உதவிப் பக்கங்களிலேயே சொல்கின்றன. வேறு தளமென்றால், கணினியில் குரோம் உலாவியைத் திறந்து, ஏற்கெனவே இருக்கும் ஒரு புரொஃபைல் படத்தின் மேல் வலது கிளிக் செய்து 'இன்ஸ்பெக்ட்' கொடுங்கள். வரும் பலகத்தில் அந்தப் படத்துக்குரிய வரியில் உள்ள முகவரியின் மேல் மவுஸை வைத்தால், திரையில் காட்டப்படும் அளவும் கோப்பின் உண்மையான அளவும் தனித்தனியே தெரியும். காட்டப்படும் அளவு 100 என்றால் 100 பிக்சல் படம் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. இன்றைய கைப்பேசித் திரைகள் பலவற்றில் அந்த 100 என்பது 300 உண்மையான புள்ளிகளால் நிரப்பப்படுகிறது. 100 பிக்சல் படம் அங்கே மூன்று மடங்கு இழுக்கப்பட்டு மங்கும். ஆகவே காட்டும் அளவைப் போல மூன்று மடங்கு, அல்லது தளம் ஏற்றுக்கொள்ளும் உச்ச அளவு, இவற்றில் சிறியதைக் குறிவைக்க வேண்டும். எதுவுமே தெரியாவிட்டால் 800 × 800 நல்ல தேர்வு. 400, 200, 100 என்று சரிபாதியாகக் குறையும்.

இப்போது மூலத்தைச் சதுரமாக வெட்டுங்கள். பல தளங்கள் சதுரத்தை வட்டமாகக் காட்டுவதால், பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், துல்லியமாகச் சொன்னால் 21.5 விழுக்காடு, மூலைகளில் மறைந்துபோகும். தலைமுடியின் உச்சியும் முகவாயும் வட்டத்துக்குள் அடங்க வேண்டும். இடுப்பு வரை காட்ட ஆசைப்பட வேண்டாம். முகம் சதுரத்தின் உயரத்தில் பாதிக்கு மேல் இருந்தால்தான் சிறு வட்டத்தில் ஆள் யாரென்று தெரியும்.

வெட்டிய சதுரம் 3000 × 3000 என்று வைத்துக்கொண்டால், அதை 200 × 200 ஆக்கும்போது 225 பிக்சல்கள் ஒன்றாகின்றன. நல்ல மென்பொருள் அந்த 225-ஐயும் கணக்கில் எடுத்துச் சராசரி காண்கிறது. அவசரமாக வேலை செய்யும் சர்வர், 225-இல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தூக்கி எறியக்கூடும். முடியும் கண்ணாடிச் சட்டமும் படிக்கட்டு போல வெட்டுப்படுவது அதனால்தான். இந்த வேலையை நாமே செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

கணினி இருந்தால் ஜிம்ப் என்ற இலவச மென்பொருள் போதும். இமேஜ் பட்டியலில் 'ஸ்கேல் இமேஜ்' சென்று, அகலத்தையும் உயரத்தையும் கொடுத்து, இன்டர்போலேஷன் என்ற இடத்தில் 'நோஹேலோ' வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி மட்டும் இருந்தால், கேலரியிலேயே சதுரமாக வெட்டி, அதன் பிறகு உலாவியில் ஸ்கூஷ் தளத்தைத் திறந்து 'ரீசைஸ்' செய்யலாம். கூகுள் குரோம் குழுவினர் உருவாக்கிய அந்தத் தளம் படத்தை எங்கும் அனுப்பாமல் நம் கருவிக்குள்ளேயே வேலையை முடிக்கிறது. கேலரியில் வெட்டிச் சேமிப்பதும் ஒரு முறை அமுக்குவதுதானே என்று கேட்கலாம். முழு அளவில் நடப்பதால் அந்தத் தேய்மானம் பின்னர் அளவு குறையும்போது சராசரியில் கரைந்துவிடும். சிறிய படத்தை மீண்டும் சேமிப்பதே ஆபத்து. "20 கேபி ஆக்கித் தருகிறோம்" என்று கூவும் பெயர் தெரியாத தளங்களில் உங்கள் முகத்தையும் கையெழுத்தையும் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள்.

சராசரி கண்ட படம் சற்றே மெத்தென்று இருக்கும். ஆகவே குறைத்த பிறகு, ஜிம்ப்பில் 'ஷார்ப்பன்' வடிகட்டியில் ரேடியஸை அரைப் பிக்சல் அளவில் வைத்து, மிக இலேசாகக் கூர்மையூட்டுங்கள். முகத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிந்தால் அதிகமாகிவிட்டது என்று பொருள்.

ஐந்தாம் படி: ஒரே முறை அமுக்குதல்

ஜிம்ப்பில் 'எக்ஸ்போர்ட்' கொடுத்து ஜேபெக்கைத் தேர்ந்தெடுத்ததும் தரம் கேட்கும். 90இல் தொடங்குங்கள். முன்னோட்டம் காட்டும் பெட்டியில் டிக் செய்தால் கோப்பு எத்தனை கேபி வரும் என்பது அங்கேயே தெரியும். வரம்பைத் தாண்டினால் இரண்டிரண்டாகக் குறையுங்கள். அதே பெட்டியின் மேம்பட்ட பகுதியில் 'சப்சாம்பிளிங்' என்ற இடத்தில் 4:4:4 என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு பிக்சலுக்கும் அதன் நிறம் தனியே சேமிக்கப்படும்; குங்குமம் கசியாது. கோப்பு சற்றுப் பெரிதாகும். 200 × 230 படத்துக்கு அதைத் தாங்க 50 கேபியில் தாராளமாக இடம் உண்டு.

எக்சிஃப் என்ற தகவலைச் சேமிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். படம் எடுத்த இடத்தின் ஜி.பி.எஸ். குறிப்பு அதில் இருக்கலாம். வீட்டு வாசலில் எடுத்த டிபி வீட்டு முகவரியைச் சொல்லத் தேவையில்லை. நிறம் வெளிறி வந்தால், எக்ஸ்போர்ட் செய்வதற்கு முன் பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான எஸ்.ஆர்.ஜி.பி. என்ற நிற அமைப்புக்கு மாற்றிவிடுங்கள், ஐபோன் படங்களில் இந்தச் சிக்கல் வருவதுண்டு.

கேபி வரம்பு இல்லாத தளங்களில் பி.என்.ஜி. வடிவில் ஏற்றலாம். அது எதையும் இழக்காத வடிவம் என்பதால், தளம் தன் பங்குக்கு ஜேபெக் ஆக்கினாலும், அளவு குறைத்த படத்துக்கு அதுவே முதல் அமுக்கமாக இருக்கும். கடை லோகோ, மன்றத்தின் சின்னம், எழுத்துள்ள படம் ஆகியவற்றுக்கு நான் பி.என்.ஜி.யைத் தவிர வேறெதையும் பரிந்துரைப்பதில்லை. ஜேபெக்கில் எழுத்துகளைச் சுற்றிக் கொசு மொய்ப்பது போலப் புள்ளிகள் வரும்.

ஆறாம் படி: ஏற்றிய பின் சரிபார்த்தல்

ஏற்றும்போது தளம் தன் சொந்த வெட்டும் பெட்டியைக் காட்டினால், அதைப் பெரிதாக்காமல் முழுச் சதுரத்தையும் அப்படியே விட்டுவிடுங்கள். சிறிது இழுத்தாலும் நாம் அளந்து வைத்த பிக்சல்கள் மீண்டும் கலைக்கப்படும். ஏற்றி முடித்தவுடன் பழைய மங்கலான படமே தெரிந்தால் பதறி மறுபடியும் மறுபடியும் ஏற்ற வேண்டாம். உலாவி பழைய படத்தைத் தன் நினைவில் வைத்திருக்கிறது. இன்காக்னிட்டோ சாளரத்திலோ இன்னொருவரின் கைப்பேசியிலோ திறந்து பாருங்கள்.

காசிமேட்டு இளைஞரின் படத்தை 400 × 400 ஆக்கி ஏற்றியதும், அவர் தம் நண்பரை அழைத்து, "மச்சான், என் டிபியை ஓப்பன் பண்ணிப் பாரு" என்றார். மறுமுனையிலிருந்து பதில் வரும் வரை கவுண்டரில் சாய்ந்து நின்றார். புருவத்தில் இருந்த பழைய வெட்டுத் தழும்பு தெரிகிறது என்று நண்பர் சொன்ன பிறகே பணம் கொடுத்தார்.